வெள்ள நிதி திரட்டுகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் வாட்ஸ்அப் குழுக்கள், முகநூல் பக்கங்கள் வழியாக நிதி திரட்டியவர்களும், அந்த நிதியால் உதவி பெற்றவர்களும் தொடர்ந்து கடிதம் எழுதிவருகிறார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை அவற்றில் பல இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நாங்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நிதி கேட்டு, ஒரு நண்பரின் ஜிபே எண்ணைக் கொடுத்தோம். இரண்டே நாளில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேர்ந்தது. அரிசி, பாய், போர்வை வாங்கிக் கொடுத்தோம். அவருடைய கணக்கில் அவ்வளவு பணம் வந்துபோனதற்கு வருமான வரித்துறை விளக்கம் கேட்குமோ என்று இப்போது பயப்படுகிறார். அடுத்த முறை எப்படிச் செய்வது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தண்ணீர் வடியுமுன்பே அரிசியும் பாயும் கொண்டுபோய்ச் சேர்த்த உங்கள் குழுவுக்கு என் வணக்கம். நண்பரின் பயம் காரணமில்லாதது அன்று. ஒரு நிதியாண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு இனாமாக வரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதி மட்டுமன்று, முழுத் தொகையுமே அவருடைய வருமானமாகக் கருதப்படும் என்பது வருமான வரியின் பொது விதி. வந்த பணம் பிறருக்காக வந்தது, பிறருக்கே செலவானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையதாகிறது. ஆகவே நிதி கேட்டுக் குழுவில் இட்ட அறிவிப்பு, அந்த நாட்களுக்கான வங்கிக் கணக்கு விவரம், கடை ரசீதுகள் ஆகியவற்றை இன்றே ஒரே கோப்பில் சேர்த்து, ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடச் சொல்லுங்கள். கைப்பேசி மாறினால் வாட்ஸ்அப் செய்தி போய்விடும். அறிவிப்பை அச்செடுத்து வைப்பது நல்லது.

வரியைவிடப் பெரிய சிக்கல்களும் இதில் உண்டு. சேமிப்புக் கணக்கொன்றில் முன்பின் தெரியாத பலரிடமிருந்து சின்னச் சின்னத் தொகைகள் சடசடவென்று வந்து விழும்போது வங்கி அதைச் சந்தேகத்துடன் பார்க்கக்கூடும். பணம் அனுப்பியவர்களில் ஒருவருடைய கணக்கு ஏதேனும் சைபர் குற்றப் புகாரில் சிக்கியிருந்தால், அந்தப் புகாரின் தொடர்ச்சியாக உங்கள் நண்பரின் கணக்கும் முடக்கப்படலாம். அவருக்கு ஓர் உடல்நலக் குறைவு வந்தால் குழுவின் பணம் அப்படியே நின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நண்பர்களுக்குள் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று ஆகிவிடும் என்பதால் எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டு, ஓராண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் 'அந்தப் பணம் என்ன ஆச்சு' என்று ஆரம்பிப்பார். நேர்மையாக உழைத்த ஒருவருடைய பெயர் அப்படிக் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிறகு எந்தப் பொதுக்காரியத்துக்கும் வரவில்லை.

அதனால் அறிவிப்பு போடுவதற்கு முன்பே ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். தொடர்ந்து செயல்பட நினைத்தால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவுசெய்து, அதன் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் பெற்றுக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவும் வரிவிலக்குச் சான்றும் உள்ள ஓர் அமைப்புடன் பேசி, உங்கள் குழு திரட்டும் பணத்துக்குத் தனிக் கணக்கு எழுதித் தர ஒப்புக்கொள்ளச் செய்யலாம். இரண்டும் இயலாதபோது எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: பணத்தை யாருமே வாங்க வேண்டாம். மொத்த வியாபாரக் கடையில் வேண்டிய பொருளுக்கு விலைப்பட்டியல் வாங்கிக் குழுவில் போட்டுவிட்டு, விரும்புகிறவர்கள் கடையின் க்யூஆர் குறியீட்டுக்கே நேராகச் செலுத்தட்டும். கடைக்காரர் ரசீது தருவார். குழுவில் யார் கையிலும் காசு படாது.

எந்த வழியானாலும் பொருள் வாங்குகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு என்று இருக்கட்டும். வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வாரம் ஒருமுறை குழுவில் போடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தம் பெயரையும் தொகையையும் எழுத, அடுத்தவர் அதை அப்படியே எடுத்துத் தம் பெயரைக் கீழே சேர்த்து மறுபடி போடும் அந்தப் பட்டியல் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதல் வரியில் ஐயாயிரம் என்று இருக்கும்போது, உங்களோடு படித்து இன்று ஆட்டோ ஓட்டும் நண்பர் தம் இருநூறு ரூபாயை எழுதக் கூசிக் குழுவை விட்டே விலகிவிடுவார். பெயருக்குப் பதிலாகப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் போட்டாலே கொடுத்தவர் தம் பணத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

கேள்வி: என் அண்ணன் குடும்பம் பாரிஸில் இருக்கிறது, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். அங்குள்ள புதுச்சேரிக்காரர்களிடம் ஆன்லைனில் திரட்டிய தொகையை என் கணக்குக்கு அனுப்பி, பாகூர் பக்கம் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வேண்டாம், அம்மா. அண்ணனுடைய மனம் நல்ல மனம். ஆனால் அந்தப் பணத்தை உங்கள் கணக்கில் வாங்குவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2010) சிக்கலில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். அண்ணன் தம் சொந்தப் பணத்தைத் தங்கைக்கு அனுப்புவதில் தடையில்லை. உறவினரிடமிருந்து ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை வருவதை அரசுக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை. ஊராரிடம் திரட்டியது அண்ணன் வழியாக வந்தாலும் அது உறவினர் பணம் ஆகாது.

இந்தச் சட்டத்தில் பார்க்கப்படுவது வசிக்கும் நாடு அன்று, குடியுரிமை. இந்தியக் குடிமகனாகவே பாரிஸிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு புதுச்சேரியில் உங்கள் தெருவிலேயே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வாழ்பவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. நம் ஊரில் ஒரே வீட்டுக்குள் இரு வகைக் குடியுரிமையும் இருப்பதால் இங்கே நிதி திரட்டுகிறவர்கள் இதை மற்ற ஊர்க்காரர்களைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முறையான வழி இருக்கிறது. பிரான்சில் 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கம் ஒன்றின் வழியாக அவர்கள் அங்கே திரட்டி, இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கென உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஓர் அமைப்புக்கு அனுப்பலாம்; அந்தப் பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் தனிக் கணக்கில்தான் வந்து சேரும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படிப் பெற்ற பணத்தை அந்த அமைப்பு வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தானே களத்தில் இறங்கிச் செலவிட வேண்டும். ஆகவே பாகூர் பகுதியில் உண்மையிலேயே ஆள்கள் வைத்து வேலை செய்யும் அமைப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

கேள்வி: முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது நல்லதா, உள்ளூர்க் குழுக்களுக்குக் கொடுப்பது நல்லதா? வரிச் சலுகை எதில்?
– வாசகர், நெய்வேலி

பதில்: வரியை முதலில் முடித்துவிடலாம். 80ஜி என்று நாம் பழகிய சலுகையில் முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது வரிக்குரிய வருமானத்திலிருந்து முழுவதும் கழிக்கப்படும்; பெரும்பாலான தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பதில் பாதிதான், அதற்கும் வரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ பொருளாகக் கொடுத்தாலோ சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எதிலும் இல்லை.

அரசு எட்டும் தூரம் பெரிது. ஃபெஞ்சலுக்குப் பிறகு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும், புதுச்சேரியில் 5,000 ரூபாயும் குடும்ப அட்டையின் அடிப்படையில் அறிவிக்கப்பட்டன. இவ்வளவு குடும்பங்களை எந்தக் குழுவாலும் எட்ட முடியாது. ஆனால் குடும்ப அட்டையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்: செங்கல் சூளைக்கு வந்தவர்கள், கரும்பு வெட்ட வந்தவர்கள், கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்களில் சில. அவர்களைத் தெரிந்த குழு உங்கள் ஊரில் இருந்தால், உங்கள் பணத்தில் ஒரு பங்காவது அங்கே போகட்டும்.

கேள்வி: சுனாமியின்போது நான் பள்ளிக்கூடத்துப் பெண். எங்கள் அம்மா கடற்கரையில் தலைவிரிகோலமாக அழுத படம் இன்றும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. இப்போது வெள்ளம் வந்தால் என் பிள்ளைகளை நிற்கவைத்துப் படமெடுத்து இணையத்தில் போட்டு நிதி கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் 'உதவி வேண்டாமா' என்கிறார்கள். இதற்கு என்ன சொல்வது?
– வாசகி, சோனாங்குப்பம்

பதில்: 'உதவி வேண்டும், படம் வேண்டாம்' என்றே சொல்லுங்கள். படத்துக்குச் சம்மதித்தால்தான் அரிசி என்பது கொடையே அன்று. உங்கள் துயரத்துக்கு விலை பேசுவது.

2015 வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்களைத் தங்கவைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழுவினர் ஆறு வயதிருக்கும் ஒரு பையனிடம் பால் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினான். படம் சரியாக விழவில்லை என்று அவனைத் திரும்ப அழைத்து, பாக்கெட்டை வாங்கிப் பதாகைக்கு முன்னால் நிறுத்தி மறுபடியும் கொடுத்தார்கள். இரண்டாம் முறை அவன் கையை நீட்டவில்லை. அவர்கள்தாம் கையைப் பிடித்து நீட்டிவைத்தார்கள். அவனுடைய அம்மா ஒரு வார்த்தை பேசாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் குழுவினர் கெட்டவர்கள் அல்லர். வெகு தூரத்திலிருந்து இரவெல்லாம் வண்டியில் வந்தவர்கள். பணம் கொடுத்தவர்களுக்குச் சான்று காட்ட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், எதிரே நிற்பவன் பிள்ளை என்பதை மறந்துவிட்டார்கள்.

நிதி திரட்டும் நண்பர்கள், படம் இல்லாவிட்டால் பணம் வராது என்கிறார்கள். படம் போடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் போடுங்கள். ஊறி உப்பிப்போன பாடப்புத்தகத்தை, மணல் ஏறிய படகு இயந்திரத்தை, கூரை போன வீட்டை, கடை ரசீதைப் போடுங்கள். முகம் எதற்கு? குழந்தைகளின் முகத்தை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். பெரியவர்களானால் இது இணையத்தில் போகும், பிறகு திரும்பப் பெற முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அதையும் உதவியைக் கொடுத்து முடித்த பிறகு கேளுங்கள். கையில் பொருளை வைத்துக்கொண்டு கேட்கும்போது பசித்தவர் சொல்லும் 'சரி' சம்மதம் ஆகாது.

இதைவிட ஆபத்தானது ஆதார் நகல். பயனாளிகளின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் படமெடுத்து நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் போட்டுவிடுகிறார்கள். 'கணவரை இழந்தவர்' என்று எழுதிக் கைப்பேசி எண்ணுடன் ஒரு பெண்ணின் பெயரை வெளியிட்டால் அந்த எண்ணுக்கு எப்படிப்பட்ட அழைப்புகள் வரும் என்று வெளியிடுகிறவர் ஒரு நிமிடம் எண்ணிப்பார்க்க வேண்டும். விவரம் கணக்கு எழுதுகிறவர் ஒருவரிடம் இருந்தால் போதும். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது.

கேள்வி: எங்கள் ஆசிரியர் குழு புயல் நேரத்தில் நிதி திரட்டுகிறது. பணம் சேர்ந்துவிடுகிறது, எதற்குச் செலவிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறோம்.
– வாசகர், பண்ருட்டி

பதில்: இணையத்தில் கேட்கும் நிதி முதல் வாரத்தில் கொட்டும், தொலைக்காட்சி வேறு செய்திக்குப் போனதும் நின்றுவிடும். பாதிக்கப்பட்டவருடைய கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். முதல் வாரத்தில் சோற்றுப் பொட்டலம் பல பக்கங்களிலிருந்தும் வருகிறது. சாலையோரத்துக் கிராமத்திலேயே லாரிகள் காலியாகி, உள்ளே இருக்கும் ஊருக்கு ஒன்றும் போய்ச் சேராத நிலையை 2015-இல் நம் மாவட்டமே பார்த்தது. ஆகவே முதல் வாரத்தில் சாலையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களைத் தேடிப்போய்க் கொஞ்சம் செலவிடுங்கள். பெரும் பகுதியைப் பொங்கல் வரைக்கும் கையில் வைத்திருங்கள். அப்படிச் செய்யப்போகிறோம் என்பதை நிதி கேட்கும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டால், பணத்தைப் பதுக்கினார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த பழந்துணிகளை யாரும் உடுத்தவில்லை. சாலையோரங்களில் மழையில் நனைந்து அழுகின. கண்ணாடியிழைப் படகுகளை ஆளுக்கு ஆள் கொடுத்ததில் பல இடங்களில் படகுகள் தேவைக்கு மேல் பெருகின. பிறர் படகில் கூலிக்குப் போனவர்களும், கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்த இருளர்களும் அந்தப் பட்டியல்களில் பின்னால் தள்ளப்பட்டார்கள். உங்கள் பண்ருட்டியிலேயே, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, தோப்புக்காரருக்கு இழப்பு என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒட்டுச்செடி நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகளாவது ஆகும். அந்த ஆண்டுகளில் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் கூலி வாங்கிய பெண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

அதைக் கேட்பதுதான் உங்கள் குழுவின் வேலை என்று நினைக்கிறேன். வெள்ளம் வடிந்த மறுவாரம் மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கேட்டு ஆள் வந்து வாசலில் நிற்பார். அதைக் கட்டத் தாலிக்கொடி அடகுக்குப் போகும், இல்லாவிட்டால் கந்துவட்டிக்கு வாங்குவார்கள். அந்த மாதத்தில் ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தும் சில ஆயிரம் ரூபாய், நீங்கள் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுக்கும் எந்தப் பொருளையும்விடப் பயன்படும். பணத்தைக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று தயங்குகிறவர்களுக்கு, வீட்டுப் பெண்ணின் கணக்கில் போடுங்கள் என்பது என் பதில். நனைந்து நின்றுபோன தையல் இயந்திரத்தையும் மொபெட்டையும் பழுது பார்த்துக் கொடுப்பது, அடித்துச் செல்லப்பட்ட ஆட்டுக்கு மாற்றாக ஆடு வாங்கிக் கொடுப்பது, வெள்ளத்தில் போன மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் மறுபடி பெற அலைந்து உதவுவது ஆகியவையும் அப்படியே. கடைசியாகச் சொன்னதை ஆசிரியர்களான உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர்த் தலைவர் தரும் பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம செவிலியரிடமும் கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். முடிவான பெயர்களை அந்தத் தெருவிலேயே நின்று வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவர் அப்போதே கேட்பார். முன்னர்ச் சொன்ன எச்சரிக்கைக்கு இது முரண் அன்று. ஒருவரை ஒருவர் அறிந்த தெருவில் வாசிப்பது வேறு, இணையத்தில் உலகத்துக்கே போடுவது வேறு. பணம் கொடுத்தவர்களுக்கு எப்படிக் கணக்குக் கடமையோ அப்படியே யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்டோமோ அவர்களுக்கும் கடமை. நீங்கள் குழுவில் போடும் வரவு செலவுக் கணக்கு தமிழில் ஒரு தாளில் அந்த ஊர் நியாயவிலைக் கடைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.

கேள்வி: போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பணம் அனுப்புமுன் யுபிஐ திரையில் தோன்றும் வங்கிப் பதிவுப் பெயர் அறிவிப்பிலுள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறோர் ஊரின் பழைய வெள்ளப் படமாக இருக்கலாம் என்பதால் கூகுளில் படத்தைக் கொண்டு தேடிப் பாருங்கள். அறிவிப்பில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளுங்கள். உண்மையானவர் கோபிக்க மாட்டார். உண்மையான அறிவிப்பை எடுத்து க்யூஆர் குறியீட்டை மட்டும் மாற்றிப் பரப்புவதும் நடக்கிறது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

கேள்வி: எங்கள் தெருக் குழு திரட்டியதில் கொஞ்சம் மீந்துவிட்டது. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். அதுவும் புண்ணியம்தானே?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: அன்னதானம் புண்ணியம்தான், அதற்குத் தனியாகக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். இந்தப் பணம் வெள்ளத்தைச் சொல்லி வாங்கியது. கொடுத்தவர்களில் வேறு மதத்தவர் இருப்பர். கோயிலுக்கென்று கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாத நம்பிக்கையற்றவரும் இருப்பர். மீந்த தொகை இவ்வளவு என்று குழுவில் எழுதி, பத்து நாள் அவகாசம் கொடுத்து, திரும்பக் கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். மற்றதற்கு என் யோசனை ஒன்று உண்டு. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஐந்து ஆற்று நீரும் கடலுக்குப் போகும் மாவட்டம் நம்முடையது. தென்பெண்ணையின் மேல்பக்கத்திலுள்ள சாத்தனூர் அணையைத் திறந்தால் நம் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறது. ஐப்பசி பிறக்குமுன் அந்தப் பணத்தில் ஒரு கயிற்றுச் சுருள், மின்னேற்றும் விளக்குகள், தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டார் ஒன்று வாங்கித் தெருவுக்குப் பொதுவாக வையுங்கள். மோட்டார் யார் வீட்டில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும், டீசலுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி, ரசீதோடு குழுவில் போட்டுவிட்டு அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.